தட்டில் வைக்காத எழுத்து

எங்கள் வீட்டில் டிவி அதிகம் ஓடாது. சாயங்காலம் ஆனால் நானும் என் மனைவி பாஞ்சாலையும் வார்த்தை விளையாட உட்கார்ந்துவிடுவோம். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். மகள் பிறந்து, படித்து, கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போன பிறகும் அது விடவில்லை. இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் அம்மா. வாக்குமூலத்தை என் கைப்பட எழுதித் தருகிறேன் என்றேன். நீங்களும் மறுப்பு சொல்லாமல் பேப்பரும் பேனாவும் கொடுத்தீர்கள். நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன்.

விளையாட்டு சுலபம்தான். வங்கி மனமகிழ் மன்றத்தில் பழைய கேரம் காய்களைக் கழித்துப் போட்டபோது ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்தேன். பாஞ்சாலை ஒவ்வொரு காயின் மேலும் ஓர் எழுத்தை எழுதினாள். அவள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். காய்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தோம். பார்க்காமல் கையை விட்டு ஒன்பது காய் எடுத்துத் தட்டில் வைப்போம். இரண்டு பேருக்கும் அதே ஒன்பது எழுத்துதான். அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்து வார்த்தை கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் மட்டும் போதாது. எதிரில் இருப்பவர் “பொருள்?” என்று கேட்டால் வாயால் சொல்ல வேண்டும். கையை ஆட்டி ஜாடை காட்டினால் செல்லாது. சொல்லத் தெரியாவிட்டால் அந்த வார்த்தை எதிராளிக்குப் போய்விடும். இந்த விதியை நான் போடவில்லை. பாஞ்சாலை போட்டது.

ஆரம்பத்திலிருந்தே அவள்தான் ஜெயிப்பாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. மனைவி கெட்டிக்காரியாக இருந்தால் புருஷனுக்குப் பெருமைதானே. ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர் வீட்டு ராமகிருஷ்ணன் தன் மனைவியோடு வந்து வேடிக்கை பார்ப்பார். ரமணாசிரமம் பக்கம் எங்கள் வீடு. மாடி அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அவர்களிலும் தமிழ் தெரிந்தவர்கள் இறங்கி வந்து உட்காருவார்கள். அப்படி ஒரு நாள் தட்டில் க, ம, ல, ட, ப, ரு, ம், ல், ன் என்று விழுந்தது. பாஞ்சாலை மடல் என்றாள், கருடன் என்றாள், படலம் என்றாள். மளமளவென்று பொருளும் சொன்னாள். நான் வெகுநேரம் யோசித்து, கமடம் என்றேன். எங்கோ படித்த ஞாபகம்.

“பொருள்?” என்றாள்.

எனக்கு வரவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

“ஆமை. கமடம்னா ஆமைங்க” என்று அவளே சொல்லி, அந்த வார்த்தையைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். “பாருங்க, ஆமை மாதிரியே தலைய உள்ள இழுத்துக்கிட்டாரு.”

ராமகிருஷ்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் அந்தத் தெருவில் சில பேர் என்னை ஆமைக்காரர் என்று பின்னால் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இங்கே எழுதுவதுகூட நீங்கள் விளையாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

போன மார்கழியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் கோலம் போட்டுவிட்டு எழுந்தவள் வாசலிலேயே சரிந்துவிட்டாள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கையிலும் பலம் ரொம்பக் கம்மி. பேனா பிடிக்க வராது, ஒரு விரலால் எதையாவது தள்ள மட்டும் முடியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவளைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, துணி மாற்றியது எல்லாம் நான்தான். ஆள் வைக்கச் சொல்லி மகள் அருணாதேவி எவ்வளவோ சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். என் மனைவியை நான் பார்த்துக்கொள்ளும்போது வேறு ஆள் எதற்கு?

பேச்சுப் பயிற்சி கொடுக்க அன்புச்செல்வி என்ற பெண் வாரா வாரம் வந்தாள். சின்ன வயசு, சுறுசுறுப்பு. அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“சார், இதவிட இன்னா வேணும்? அம்மாவுக்கு வார்த்த எல்லாம் உள்ள அப்படியே இருக்குங்க. வாய்தான் ஒத்துழைக்கல. இத்தன எழுத்தையும் வரிசையா பெரிய பலகையில வெச்சுடுங்க. அவங்களே தள்ளித் தள்ளிப் பேசிடுவாங்க” என்றாள்.

அன்றே பரப்பி வைத்தோம். பாஞ்சாலையின் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். விரல் நடுங்க நடுங்க மூன்று காய்களைத் தள்ளிச் சேர்த்தாள். நான் குனிந்து பார்த்தேன். அருணா என்று இருந்தது.

அந்தப் பெண் கை தட்டினாள். நானும் தட்டினேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அன்று காலை பாஞ்சாலையின் வாயைத் துடைத்துவிட்டவன் நான். அவளுடைய மூத்திரத் துணியை அலசிப் போட்டவன் நான். இத்தனை நாள் கழித்து அவளுக்கு ஒரு வார்த்தை கிடைத்தது, அது எனக்கு இல்லை. சரி, தாய்க்குப் பிள்ளை மேல் ஆசை இருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். அடுத்து அவள் சேர்த்தது, போகணும். யாரிடம் போக வேண்டும் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அருணா என்பதை இன்னும் கலைக்காமல்தான் வைத்திருந்தாள். அன்புச்செல்வி கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டிருந்தாள். அதனால் அதைப் பார்த்தது நான் மட்டும்தான்.

அருணா அப்போதே சொல்லிக்கொண்டிருந்தாள். பெங்களூரில் நல்ல வைத்தியம் இருக்கிறது, அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன், தன் வீட்டில் கீழ்த்தளத்தில் அறை இருக்கிறது என்று. “நீயும் வாப்பா” என்று என்னையும் கூப்பிட்டாள், பொய் சொல்லக் கூடாது. மகள் வீட்டில் ஒரு மூலையில் பெட்டியோடு உட்கார்ந்திருக்க நான் தயாராக இல்லை. அன்று போன் செய்தபோது, “அம்மா இன்னாப்பா சொல்றாங்க?” என்று கேட்டாள்.

“எங்கியும் வரலன்றா. இந்த வீட்ட விட்டு, என்ன விட்டு வரமாட்டேன்றா” என்றேன்.

“காய்ல அப்படியே வெச்சாங்களா?”

“அப்படியே வெச்சா.”

பாஞ்சாலை பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. “அம்மா அழறாங்களாப்பா?” என்றாள் அருணா. “உன் குரலக் கேட்ட சந்தோஷம்” என்றேன். ஊமையாகிவிட்ட மனுஷி சொல்வதை யாராவது ஒருவர் எடுத்துச் சொல்லித்தானே ஆக வேண்டும். அவளோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவன் நான். அவளுக்கு எது நல்லது என்று அவளைவிட எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் பலகையை எடுத்துவிட்டேன். அத்தனை எழுத்தையும் ஒரே சமயத்தில் பார்த்தால் அவளுக்குத் தலை கிறுகிறுக்கிறது என்று அன்புச்செல்வியிடம் சொன்னேன். பழையபடி தட்டில் ஒன்பது காய் வைத்தால் போதும், அது அவளுக்குப் பழகின விஷயம் என்றேன். அவளும் நம்பினாள். திரையைத் தொட்டு அம்மா எழுதட்டும் என்று அருணா ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினாள். அதில் பாஞ்சாலையின் விரல் சரியாகப் படவில்லை என்று சொல்லி பீரோ மேல் வைத்துவிட்டேன். ஒன்பது காய்களையும் இனிமேல் நானே பார்த்து எடுப்பது என்று முடிவு செய்தேன். பார்க்காமல் எடுப்பது விளையாட்டுக்குச் சரி. நோயாளிக்கு அப்படி எடுக்க முடியுமா?

முதலில் ணா என்ற காயை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்கும் அவள் அசரவில்லை. அன்று தட்டில் இருந்ததைக் கொண்டு மகள் என்று சேர்த்தாள். இது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் ள் காயையும் எடுத்துவிட்டேன். அவள் வெகுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சே, ய் இரண்டையும் தள்ளி ஒட்டி வைத்தாள். சேய். தமிழாசிரியை இல்லையா, விடுவாளா? எனக்கு உள்ளுக்குள் மெச்சிக்கொள்ளத் தோன்றியது, எரிச்சலும் வந்தது. சே காயும் பைக்குப் போனது.

இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன், அம்மா. நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நாட்களில் எனக்கு ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. காலையில் காய்கறி நறுக்கும்போதே அன்றைய ஒன்பது எழுத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன். எதோடு எது சேர்ந்தால் என்ன வரும், அவள் எந்த வழியில் போவாள், அந்த வழியை எப்படி அடைப்பது என்று. தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்காருவேன். அவள் காய்களை வரிசையாகப் பார்ப்பாள், அப்புறம் என்னை நிமிர்ந்து பார்ப்பாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கும், துடைக்கக்கூட அவளால் முடியாது. நான்தான் துண்டை எடுத்துத் துடைத்துவிடுவேன். சில நாள் ஒரு வார்த்தையும் சேர்க்க முடியாமல் விரலை எடுத்துக்கொள்வாள். அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு ஜாஸ்தியாக இறங்கும்.

ஒரு தடவை தப்பு நடந்துவிட்டது. அருணா வீடியோ காலில் வந்தபோது தட்டு மடிமேல் இருந்தது. நான் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தேன். போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனது என் பிசகுதான். திரும்பி வருவதற்குள் வலி என்று சேர்த்துத் தட்டைப் போன் பக்கம் தள்ளிவிட்டிருந்தாள். அருணா அடுத்த நாள் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினோம். இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, பெங்களூர் போனால் அங்கேயே எல்லாப் பரிசோதனையும் செய்துவிடுங்கள் என்று அவர் சொன்னார். அருணா உடனே பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

“பௌர்ணமி முடியட்டும். அதுக்குள்ள ஊரே அடைச்சுக்கும், வண்டி நகராது. நானே கூட்டிக்கினு வந்து விடறேன்” என்றேன்.

“நிஜமா விடுவியாப்பா?”

“உங்கம்மாவ நான் இன்னா கட்டியா போட்டு வெச்சிருக்கேன்?”

அவளுக்கு லீவு இல்லை. அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, “நாலு நாள்தாம்மா, வந்துடுவ” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பாஞ்சாலையின் முகம் பக்கவாதம் வந்த பிறகு முதல் தடவையாகச் சிரிப்புக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு பாதி முகம்தான் சிரித்தது. அதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கார் தெருவைத் தாண்டியதும் லி காயை எடுத்துப் பையில் போட்டேன்.

பௌர்ணமி அன்று சாயங்காலம் நடந்ததைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். செங்கம் சாலை முழுக்க கிரிவலக் கூட்டம். வாசலில் நின்றால் காலடிச் சத்தம் மழை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. மதியத்திலிருந்தே அவள் சாப்பிடவில்லை. வேர்த்துக்கொண்டிருந்தது. மாற்றுப் புடவை, மருந்துச் சீட்டு எல்லாம் பெட்டியில் தயாராக இருந்ததால் மனசு ஊருக்குக் கிளம்பிவிட்டது, அதுதான் சாப்பாடு இறங்கவில்லை என்று நினைத்தேன். தட்டை எடுத்து வைத்தேன். மா, த, க, ப, டு, ர், ம், ல், ன். மாடு வரும், மாதம் வரும், மாதர் வரும், பகல் வரும், தகடு வரும். ஆபத்தில்லாத எழுத்துகள் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது.

அவள் தட்டைப் பார்த்த உடனேயே விரலை வைத்தாள். யோசிக்கவே இல்லை. மா. பிறகு ர். மார் என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

இது எனக்குத் தப்பிப் போயிருந்தது. இத்தனை கவனமாக இருந்தும் ஒன்றை விட்டுவிட்டேனே என்று என் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு எதிலிருந்தும் ஒரு வார்த்தை கிடைத்துவிடும், கட்டிலில் கிடந்தாலும் கிடைத்துவிடும். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன்.

“பொருள்?” என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இடது கையை மெல்லத் தூக்கி நெஞ்சின் மேல் வைத்தாள்.

“ஜாடை செல்லாது, பாஞ்சாலை. நீ போட்ட விதிதான். வாயால சொல்லு.”

மறுபடி நெஞ்சைத் தொட்டாள். முகம் சாம்பல் மாதிரி ஆகியிருந்தது. நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. அன்றைக்கு நான் துடைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். அவளால் பொருள் சொல்ல முடியவில்லை. எனவே இரண்டு காய்களையும் என் பக்கம் நகர்த்திக்கொண்டேன். அந்த வார்த்தை எனக்கு வந்துவிட்டது. அவள் தட்டை விரலால் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். சத்தம் தாங்காமல் தட்டை எடுத்து, காய்களை டப்பாவில் கொட்டி மூடி வைத்தேன்.

“பால் வாங்கிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

முதல் நாள் உங்களிடம் சொன்னபோது, கூட்டத்தில் வண்டி எதுவும் வராது, போன் செய்தும் பயனில்லை என்று நினைத்தேன் என்றேன். அது சரியில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் தெருமுனையில் ஓர் ஆம்புலன்ஸ் நிறுத்தி வைப்பார்கள், அன்றும் நின்றது. டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “இன்னா சார், நடக்கலயா?” என்று கேட்டார். “ஊட்ல ஆள் இருக்காங்க” என்றேன். அவரோடு நின்று டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன். பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியபோது அவள் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து உள்ளே வைத்தேன். பாலைக் காய்ச்சினேன். அதற்குப் பிறகுதான் அருணாவுக்குப் போன் செய்தேன்.

மார் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவள் காயைத் தள்ளுவதற்கு முன்னாலேயே, மதியம் அவள் வேர்த்தபோதே தெரியும். வழக்கு நடக்கும்போது யாரும் எனக்காக, வயசானவர், புரியாமல் செய்துவிட்டார் என்று வாதாட வேண்டாம். என் வாழ்க்கையில் ஒரு வார்த்தையின் பொருள் அவ்வளவு தெளிவாக எனக்குத் தெரிந்ததில்லை.

காரியம் முடிந்த பிறகு அருணா அந்த டப்பாவைத் தனக்குக் கொடுக்கச் சொன்னாள், அம்மாவின் கையெழுத்து இருக்கிறதே என்று. அன்புச்செல்வியும் துக்கம் விசாரிக்க வந்திருந்தாள். அருணா தரையில் உட்கார்ந்து காய்களைக் கொட்டி, தன் பெயரைச் சேர்த்துப் பார்க்கத் தேடினாள். அ கிடைத்தது. ரு கிடைத்தது. அப்புறம் எல்லாக் காய்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள்.

“எல்லா எழுத்தும் இருந்துச்சே. அன்னிக்கு நான் பாத்தனே, அம்மா உங்க பேரத்தான் மொதல்ல வெச்சாங்க” என்று அருணாவிடம் சொல்லிவிட்டு அன்புச்செல்வி என்னைப் பார்த்தாள்.

அருணா ஆணியில் தொங்கிய என் சட்டையைப் பார்த்தாள். பை கொஞ்சம் தொங்கிக்கொண்டு இருந்தது. எழுந்துபோய்க் கையை விட்டு எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவளும் கெட்டிக்காரி, அம்மாவைப் போல. ணா, ள், சே, லி என்று அந்தக் காய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அவள் கத்தவில்லை. “என் பேர எடுத்து பாக்கெட்ல வெச்சுக்கினு அவங்களுக்கு சோறு ஊட்னியாப்பா?” என்று மட்டும் கேட்டாள். அப்புறம் உங்களிடம் வந்துவிட்டாள்.

எழுதியதெல்லாம் உண்மை. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். அருணா என்னை வந்து பார்க்கமாட்டேன் என்று சொல்லியனுப்பியதாக உங்கள் ஏட்டு சொன்னார். கோபத்தில் இருக்கிறாள், போகட்டும். நீங்கள் அவளைப் பார்த்தால் எனக்காக ஒன்றே ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும். கடைசி வரைக்கும் அவள் அம்மா என்னை விட்டு எங்கேயும் போக ஆசைப்படவில்லை. கூடவே இருந்தவன் நான், அவள் மனதில் இருந்தது எனக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
இராமலிங்கம்